கலர் குடித்த வழக்குகள்

எங்கள் ஊராட்சியில் ஒரு வழக்கு முடிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள யாரும் தீர்ப்பைக் கேட்பதில்லை. "கலர் குடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வரப்புத் தகராறு, தண்ணீர்த் தகராறு, புருஷன் பெண்டாட்டி சண்டை, எதுவானாலும் பஞ்சாயத்துத் தலைவர் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு ஒரு முடிவு சொல்வார். சொன்ன கையோடு பெட்டிக்கடையிலிருந்து இரண்டு பாட்டில் கலர் வரும். ஆரஞ்சோ திராட்சையோ, எது ஐஸ் பெட்டியில் குளிர்ந்திருக்கிறதோ அது. பக்கத்துக்கு ஒருவர் எல்லோர் முன்னாலும் அதைக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் வழக்கு தீர்ந்தது. அதற்கப்புறம் ஸ்டேஷன், கோர்ட் என்று போகிறவனை, குடித்த கலரைக் கக்கினவன் என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் வாயை மூடிக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

முன்பெல்லாம் கற்பூரம் அடித்து சத்தியம் வாங்குவார்களாம். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கற்பூரம் ஒத்துவராதே என்று யோசித்துக் கலருக்கு மாற்றியவர் இப்போதைய தலைவர்தான். அவர் ஊர்ப்பக்கம் நிலம் வைத்திருக்கிறவர். நாங்கள் காலனிக்காரர்கள், என் அப்பா தலைமுறை வரை அவர்கள் வயலில் நாற்று நட்டவர்கள், என் தலைமுறையில் சிப்காட் கம்பெனிகளுக்கு வேனில் போகிறவர்கள். எங்களுக்காக ஒரு வழக்கத்தையே மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதில் நல்ல மனசு இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். இங்கே நான் சொல்லப்போவது அவரைக் கெட்டவராகக் காட்டுவதற்கில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

கடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தைய ஐப்பசி மழையில் என் தங்கச்சி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த பெண்குழந்தை, கையில் ஒரு கட்டைப்பை. இன்னொரு கையில் கட்டு. புருஷன் குடித்துவிட்டு வந்து கதவிடுக்கில் அவள் கையை வைத்துச் சாத்தியிருந்தான். அவன் ஒரு இரும்புக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன், அதே ஊராட்சியில் ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு. கதவைச் சாத்தும்போது அவள்தான் கையை நடுவில் நீட்டினாள் என்று சொன்னான். கட்டுப் பிரித்த பிறகு இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அவள் ஒரு எலக்ட்ரானிக் கம்பெனியில் நெல்லைவிடச் சின்னதாக இருக்கும் ஸ்குரூக்களைப் பொருத்திக்கொண்டிருந்தவள். அந்த வேலை போய்விட்டது.

"நான் அங்க திரும்பிப் போமாட்டேங்கா," என்றாள் வந்த அன்றைக்கே. வேறு எதையும் அவள் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டையும் அவள் தன் வீடாக எடுத்துக்கொள்ளவில்லை. "உங்க ஊட்ல உப்பு எங்க வெச்சிகிறீங்க?" என்பாள். "உங்க ஊட்டு கொழாயில தண்ணி நின்னுபோச்சி" என்பாள். பிறந்து வளர்ந்த வீட்டில் நின்றுகொண்டு அப்படிப் பேசினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவளிடம் கோபப்பட மனசு வராது.

ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தா அந்தாளுக்கு வேல போவும், நம்மளுக்கு மானம் போவும். ரெண்டும் போனப்புறம் இன்னா மிஞ்சும்?" இதற்குள் மாப்பிள்ளையின் அப்பா தலைவரிடம் போய் வழக்கு வைத்துவிட்டார். தலைவர் சொன்ன பதில் எங்கள் காதுக்கும் வந்தது. "எலெக்சன் முடியட்டும். அதுவரிக்கும் நானே தலைவரா இல்லியான்னு தெரியாது. எவன் ஜெயிக்கிறானோ அவன் உக்காந்து பேசட்டும்."

ஆக, என் தங்கச்சி திரும்பப் போக வேண்டுமா வேண்டாமா என்று சொல்லப்போகிறவர் யார் என்பதை அந்தத் தேர்தல்தான் முடிவு செய்யப்போகிறது. அந்தத் தேர்தலில் எனக்கு ஒரு ஓட்டு இருந்தது.

அதுவரை நான் ஓட்டைப் பற்றிப் பெரிதாக யோசித்ததில்லை. அம்மா எந்தச் சின்னம் சொல்கிறாளோ அதில் குத்திவிட்டு ஷிப்டுக்கு ஓடுவேன். இந்தத் தடவை அப்படி முடியவில்லை. கம்பெனியில் என் வேலை தரம் பார்ப்பது. மோல்டிங் மெஷினிலிருந்து வரும் பிளாஸ்டிக் மூடிகளில் பெட்டிக்குச் சிலதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். விளிம்பில் பிசிறு இருந்தால் அந்தப் பெட்டி முழுவதையும் பிரிக்கச் சொல்வேன். சூப்பர்வைசர் பல்லைக் கடிப்பார். கால் காசு பெறாத மூடிக்கு அவ்வளவு பார்க்கிறவள், தங்கச்சியின் தலையெழுத்தை எழுதப்போகிற ஆளைப் பார்க்காமல் குத்திவிட்டு வருவேனா? அவர் இதுவரை சொன்ன தீர்ப்புகளில் சிலவற்றையாவது எடுத்துத் திருப்பிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அம்மாவிடம் சொன்னதும் அவள் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஒங்கப்பன் பொணத்துக்கு வழி வுட்டவர நீ வெசாரிக்கப் போறியா?"

அது உண்மை. அப்பா செத்தது ஒரு கார்த்திகை மாதம். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற மண்பாதை ஏரித் தண்ணீரில் முழுகிக் கிடந்தது. மிச்சம் இருந்த ஒரே வழி ஊர்க்காரர் ஒருவரின் வயல் ஓரம். பயிர் நிற்கிறது, விடமாட்டேன் என்றார் அவர். பயிர் மட்டும் காரணமில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சவப்பெட்டி வாசலில் இருந்தது, பாதிரியார் குடையோடு நின்றுகொண்டிருந்தார், பொழுது போய்க்கொண்டிருந்தது. தலைவர் வந்தார். வயல்காரர் அவருக்குப் பங்காளி. "செத்தவன மண்ணுக்குப் போவ வுடாத மண்ணு இன்னாத்துக்குடா வெளையும்?" என்று கேட்டார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் அந்தச் சேற்றில் நடந்தார். பயிர் மிதிபட்டது. அடுத்த கோடையில் அந்த ஓரத்தை மண் கொட்டி மேடாக்கி, கல்லறைக்கு நிரந்தர வழியாகவே விட வைத்தார். காலனியில் அதற்குத் 'தலைவர் வழி' என்றே பெயர். அதற்கப்புறம் செத்த எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போனார்கள்.

அம்மா கேட்டதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனாலும் போனேன்.

முதலில் ஊர்ப்பக்கத்தில் ஒரு விவசாயியிடம் கேட்டேன். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மோட்டார், ஒரே கிணறு. யார் முதலில் பாய்ச்சுவது என்று மண்வெட்டியைத் தூக்கிய ஆட்கள். நான் ஏன் கேட்கிறேன் என்று கூட அவர் கேட்கவில்லை, அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். "ரெண்டு பேரும் அவங்கவங்க பொண்டாட்டிய இட்டுக்கினு வாங்கடான்னாரு. வந்தாளுங்க. ஸ்விச்ச போடற பொறுப்ப என் தம்பி பொண்டாட்டி கையில குடுத்தாரு. என் பொண்டாட்டி கையில மோட்டார் ரூம் சாவி. ரெண்டு பேரும் பேசிக்காம ஒரு சொட்டு தண்ணி வராது. அன்னிக்கு மொறச்சிக்கினு இருந்தவளுங்க இன்னிக்கு ஒண்ணா பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போறாளுங்க, வேண்டுதலுக்கு வேப்பஞ்சேல கட்ட." சொல்லிவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். நல்ல தீர்ப்பு. விளிம்பில் ஒரு பிசிறு இல்லை.

இப்படி இரண்டு மூன்று வழக்கு கேட்டேன். எல்லாம் நிலம், தண்ணீர், ஆடு மேய்ந்தது. ஒன்றில்கூடக் குற்றம் சொல்ல முடியவில்லை. ஒரு வழக்கில் தன் சொந்த மைத்துனரையே மன்னிப்புக் கேட்க வைத்திருந்தார். அம்மா சொல்வதுதான் சரியோ, நான்தான் தேவையில்லாமல் தோண்டுகிறேனோ என்று தோன்றிவிட்டது. ஆனால் நான் பார்க்க வேண்டிய பெட்டி அதுவல்ல. புருஷனை விட்டு வந்த பெண்களின் வழக்கைப் பார்க்க வேண்டும்.

புதுவாயல் கூட்ரோட்டில் ஒரு அக்கா தள்ளுவண்டியில் நாஷ்டா கடை வைத்திருக்கிறாள். ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் வேனை நிறுத்தி இட்லி வாங்குவார்கள். எங்கள் ஊராட்சிப் பெண்தான். புருஷன் வேறொரு பெண்ணோடு இருந்தான் என்று தாய் வீட்டுக்கு வந்தவள். தலைவர் பேசித் திருப்பி அனுப்பியவர்களில் ஒருத்தி. கூட்டம் குறைந்ததும் கேட்டேன்.

"தலைவரா? நல்ல மனுசன்," என்றாள் உடனே. சட்னி ஊற்றியபடியே சொன்னாள். அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"அன்னிக்கு கலர் குடிச்சீங்களே, அப்ப இன்னா நெனச்சீங்க?" என்றேன்.

கரண்டி நின்றது. "நான் எங்க குடிச்சேன்? எங்க நைனா குடிச்சாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"என்னை எவன் கேட்டான்? நான் பொம்பளைங்க பக்கம் நின்னுக்கினு இருந்தேன். நைனாவுக்கு ஷுகரு. குடிக்காதீங்க நைனான்னு சொல்லலாமான்னு நெனச்சேன், அன்னிக்கு நடந்ததுல அது ஒண்ணுதான் எனக்கு ஞாபகம் கீது." பிறகு சாலையைப் பார்த்துச் சொன்னாள். "கொஞ்ச நாள்ல அந்தாளு அவகூடவே போய்ட்டான். போனதே நல்லதாப் போச்சி. கட ஓடுது. இல்லன்னா இன்னும் பேஜாருதான்."

பெரியபாளையத்தில் கோவில் பக்கம் பூக்கட்டும் இன்னொரு பெண்ணைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பஸ் ஏறினேன். அவளையும் குடிகாரப் புருஷனிடம் தலைவர் திருப்பி அனுப்பியிருந்தார். அவள் கதை வேறு மாதிரி இருந்தது. புருஷன் குடியை விட்டுவிட்டானாம். பூ வாங்க விடிகாலையில் அவனே மார்க்கெட்டுக்குப் போகிறானாம். "அன்னிக்கு அவரு மட்டும் சேத்து வெக்கலன்னா எம் பொழப்பு நாறியிருக்கும்," என்றாள். பொய் சொல்லவில்லை. முகம் தெளிவாக இருந்தது.

"கலர் யார் குடிச்சாங்க?"

"எங்கண்ணன். ஏன்?"

"நீங்க போறேன்னு சொன்னீங்களா?"

அவள் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தாள். "போவ மாட்டேன்னு அழுதேன். அண்ணன் குடிச்சிட்டாரு. அப்பறம் போனேன்." நாரை அறுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லதாத்தானே முடிஞ்சிது?"

நல்லதாகத்தான் முடிந்திருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒருத்திக்கு விடிந்தது, ஒருத்திக்கு விடியவில்லை. ஆனால் இருவர் வழக்கிலும், நான் விசாரித்த மற்றப் பெண்களின் வழக்கிலும், வாழப் போகிறவள் ஒருத்தி, குடித்தது இன்னொருவர். மோட்டார் வழக்கில் இரண்டு பெண்டாட்டிகளையும் வரவழைத்துச் சாவியும் ஸ்விச்சும் கொடுத்த அதே மனிதருக்கு, இந்த வழக்குகளில் அந்தப் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவேயில்லை.

தேர்தலில் தலைவரை எதிர்த்து நின்றவர் காலனியை ஒட்டி வீடு கட்டியிருக்கும் ஒரு தம்பி. கம்பெனிகளுக்கு வேன் விடுகிறவர். சின்னம் ஆட்டோ. தலைவருக்குப் பூட்டுச்சாவி. தம்பி எங்கள் தெருவுக்கு ஓட்டு கேட்டு வந்தபோது ஓரமாகக் கூப்பிட்டு, நீங்கள் தலைவரானால் என் தங்கச்சி வழக்கை எப்படிப் பேசுவீர்கள் என்று நேராகவே கேட்டேன்.

"உங்களுக்கு இன்னா தீர்ப்பு வோணும்னு சொல்லுக்கா, அதையே சொல்லிட்றேன்," என்றார் சிரித்த முகமாக.

ஏரிக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி புருஷன் வீட்டு வாசலிலும் இதையே சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பார். அங்கே ஓட்டு எங்களைவிட அதிகம்.

நான் விசாரிக்கிறேன் என்கிற செய்தி தலைவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதே. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு மாலை அவரே வந்தார். கூட வந்தவர்களைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா பதறிப்போய் டீ போடப் போனாள். தங்கச்சி குழந்தையோடு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

"இன்னாம்மா, என்ன பத்தி ஊரெல்லாம் கேட்டுக்கினு கீறியாமே," என்றார். குரலில் கோபம் இல்லை. "என்னையே கேட்டிருக்கலாமே."

எனக்குப் பயம்தான். ஆனால் என் குணம், பயந்தால் வாய் அதிகமாகும். "ஏன் தலைவரே, பொம்பள வழக்குல பொம்பள கலர் குடிக்கிறதில்ல?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சபையில அத்தினி ஆம்பளைங்க முன்னாடி பாட்டிலத் தூக்கி அண்ணாந்து குடிக்கச் சொல்றதா? அது மரியாதையாம்மா? அந்தப் பொண்ணுங்க மரியாதைக்காகத்தான் அப்பனோ அண்ணனோ குடிக்கிறான்."

"என் தங்கச்சி கைய பாத்தீங்களா?"

"பாத்தேன்." அவருக்கு வருத்தமாகவே இருந்தது, நடிப்பில்லை. பிறகு சொன்னார். "வெரலுதானேம்மா ஒடஞ்சிது. குடும்பம் ஒடையலையே. அத நாம ஒடைக்கலாமா?"

அம்மா கொண்டுவந்த டீயை வாங்கிக் குடித்தார். டம்ளரை அவரே எடுத்துப்போய்க் குழாயடியில் வைத்தார். அப்படி வைக்கிற ஊர்க்காரர் அவர் ஒருவர்தான். போகும்போது, "நீ கேட்டத யோசிக்கிறேன்," என்றார்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஓட்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் வரிசை. உள்ளே நாலு சீட்டு கொடுத்தார்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். வார்டு மெம்பருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, ஒன்றியத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. மறைவில் நின்று தலைவருக்கான சீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். வெளியே யாரோ, "உள்ள சமையல் பண்றாங்களா?" என்று கிண்டல் செய்தார்கள்.

பூட்டுச்சாவியைப் பார்த்தால் அப்பாவின் பெட்டிக்கு முன்னால் சேற்றில் நடந்த கால் தெரிந்தது. அதே பூட்டுச்சாவியைப் பார்த்தால் 'வெரலுதானே' என்ற குரலும் கேட்டது. ஆட்டோவைப் பார்த்தால் காற்றடிக்கிற பக்கம் சாய்கிற ஒரு சிரிப்பு. தெருவிளக்குக்கும் தண்ணீர் டேங்குக்கும் கல்லறை வழிக்கும் தலைவரைவிட ஆள் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவர் வேண்டாம். ஆனால் ஒரே முத்திரையில் இரண்டையும் எப்படிக் குத்துவது? இந்த நாலு சீட்டோடு ஐந்தாவதாக ஒன்று கொடுத்து, 'இவர் தொடர்ந்து உங்களுக்கு நியாயம் சொல்லலாமா?' என்று கேட்டிருந்தால் நான் ஒரு நொடியில் குத்திவிட்டு வந்திருப்பேன். அப்படிக் கேட்கும் சீட்டு கிடையாது. சட்டத்தில் பஞ்சாயத்துத் தலைவருக்குத் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியும் கிடையாது. நாங்களாகப் போட்டு, நாங்களாக உட்கார வைத்தது.

நான் பூட்டுச்சாவியில்தான் குத்தினேன். இதை எழுதும்போதும் அது சரியா என்று தெரியவில்லை. குத்திவிட்டு வெளியே வந்ததும், வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் தங்கச்சியை நினைத்து அழுகை வந்தது. தெருக்குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

தலைவர் ஜெயித்தார். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை வழக்கு வைத்தார்கள். ரேஷன் கடைக்கு முன்னால் தகரக் கொட்டகை. மாப்பிள்ளை துவைத்த சட்டை போட்டுத் தலையைக் குனிந்து நின்றான். அவன் அப்பா பேசினார், என் அம்மா அழுதாள். நான் கையைப் பற்றிச் சொன்னேன், மடங்காத விரல்களைப் பற்றிச் சொன்னேன், போன வேலையைப் பற்றிச் சொன்னேன். தங்கச்சி குழந்தையோடு பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். அவளைக் கேளுங்கள் என்றேன். தலைவர் அவள் பக்கம் திரும்பி, "இன்னாம்மா?" என்றார். அத்தனை பேர் முன்னால் அவளுக்கு வாய் வரவில்லை. "போமாட்டேன்" என்று வீட்டில் அத்தனை தடவை சொன்னவள், தரையைப் பார்த்து நின்றாள். அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

தீர்ப்பு நான் பயந்தபடியே வந்தது. அவன் இனிமேல் சாராயம் தொடக் கூடாது. கை நீட்டினான் என்று இன்னொரு தடவை கேள்விப்பட்டால் தலைவரே ஸ்டேஷனுக்கு இழுத்துப்போவார். அவள் குழந்தையோடு போய் வாழ வேண்டும். சொல்லும்போது அவர் அவனை முறைத்த முறைப்பில் பொய் இல்லை. சொன்னதைச் செய்யக்கூடியவர்தான்.

கலர் வந்தது. ஆரஞ்சு. மாப்பிள்ளையின் அப்பா வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தலைவர் எங்கள் பக்கம் பார்த்தார். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. அப்பா போய்விட்டார், அண்ணன் தம்பி கிடையாது, நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பெரியப்பா மகன் ஒருவர் முன்னால் வந்து கை நீட்டினார். தலைவர் அவரை நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு என்னை ஒரு கேள்வி கேட்டுது," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "பொம்பள வழக்குல பொம்பள ஏன் கலர் குடிக்கிறதில்லன்னு. யோசிச்சிப் பாத்தேன். கேட்டதுல நாயம் கீது. அந்த ஊட்டுக்குச் சம்பாரிச்சிப் போடறது இதுதான். இன்னிக்கி இது குடிக்கட்டும்."

பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

கொட்டகையில் சலசலப்பு. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ "பரவால்லியே" என்றார்கள். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, நல்லது செய்துவிட்ட ஒருவரின் பெருமை. நான் ஊர் ஊராகக் கேட்டுத் திரிந்ததற்குப் பலன், என் தங்கச்சியைத் திருப்பி அனுப்பும் பாட்டில் நைனாவுக்கும் அண்ணனுக்கும் பதிலாக என் கைக்கு வந்ததுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தப் பாட்டிலைத் தரையில் அறைந்து உடைக்கும் வெறியும் வந்தது. பாட்டில் ஜில்லென்றிருந்தது. மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. குழந்தை அதைப் பார்த்துவிட்டுத் தங்கச்சியின் இடுப்பிலிருந்து இரண்டு கையையும் நீட்டியது. தங்கச்சி அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். மடங்காத விரல் இரண்டும் குழந்தையின் மணிக்கட்டுக்கு மேல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன.

அம்மா பின்னாலிருந்து என் முதுகைத் தொட்டாள். "குடிடி," என்றாள் மெதுவாக.

நான் பாட்டிலை அவர் பக்கத்தில் இருந்த பெஞ்சின்மேல் வைத்தேன்.

"இது என் வழக்கு இல்ல தலைவரே," என்றேன். "நான் குடிச்சா அவ தாகம் தீராது. எனக்கு வோணாங்க."

தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, அவமானம். எங்களுக்காகக் கற்பூரத்தை மாற்றியவர், எங்களுக்காகச் சேற்றில் இறங்கியவர், இன்று எனக்காக வழக்கத்தையே மாற்றியவர். அவர் கொடுத்ததை அத்தனை பேர் முன்னால் நான் திருப்பி வைத்திருந்தேன். இதை எழுதும்போதும் அந்த முகம் என்னைக் குத்துகிறது. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பறம் உங்க இஷ்டம்," என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா ஏதோ கத்தத் தொடங்கினார். பெரியப்பா மகன் என்னை ஏசினார். பெஞ்சின்மேல் கலர் நுரை அடங்கி அப்படியே இருந்தது. அதை எடுக்க யாருக்கும் துணிவில்லை.

நாங்கள் நாலு பேரும் கிளம்பினோம். குழந்தை கலர் வேண்டும் என்று வழியெல்லாம் அழுதது. பொழுது சாய்ந்திருந்தது, அறுத்த வயல்களில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கல்லறைக்குத் திரும்பும் முனை வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். மேடாக்கிய அந்த வழி வயலோரமாகச் சிலுவைகள் வரை நீண்டு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளிக்கு நான் செத்தா என்னை எந்த வழியா தூக்கினு போவீங்க?" என்று கேட்டாள்.

கத்தவில்லை, அழவில்லை. பதில் வேண்டும் என்று கேட்டாள். அந்த வழியை அவர் அடைக்கமாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அடைக்காவிட்டாலும் அவர் பங்காளி அடைத்தால், செருப்பைக் கழற்றிக்கொண்டு மறுபடி இறங்குவாரா? தெரியவில்லை.

அன்றைக்கு முழுவதும் ஒரு வார்த்தை பேசாத தங்கச்சி குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். விரல் மடங்காத அந்தக் கையாலேயே அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"பனி எறங்குதும்மா, கொழந்தைக்கி ஆவாது," என்றாள். "நம்ம ஊட்டுக்கு நட."

அம்மா அந்த வழியை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு நடந்தாள்.